இருபது வளைவுகளும் நான்கு டயர்களும்

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்குப் பாகூரிலிருந்து புறப்பட்டோம். போக வேண்டிய ஊர் ஏற்காடு. அது மேற்கே இருக்கிறது. நாங்களோ டயர் வாங்க வடக்கே வில்லியனூருக்குப் போனோம். ஏற்காட்டுப் பயணம் மலையடிவாரத்தில் தொடங்குவதில்லை, டயர் கடையில்தான் தொடங்குகிறது என்பதை இரண்டு முறை தோற்றுத் திரும்பிய பிறகு தெரிந்துகொண்டிருந்தேன்.

ஏற்காட்டில் இருப்பவர் பூங்காவனம் அக்கா. என் மனைவி அஞ்சலாட்சியின் உடன்பிறந்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அதாவது எழுபத்தாறு. கல்யாணமாகி மலைக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். கணவர் காப்பித் தோட்டத்தில் ஜீப் ஓட்டியவர். அவர் இருந்தவரை அக்கா மலையிறங்கியதெல்லாம் அவர் ஓட்டிய வண்டியில்தான். தினமும் மாலையில் நான்கு டயர்களையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்த பிறகுதான் அவர் வீட்டுக்குள் நுழைவாராம். அவர் காலமானதிலிருந்து அக்காவுக்கு எந்த வண்டியின் டயர் மேலும் நம்பிக்கை வரவில்லை. பிள்ளைகள் கிடையாது. போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டுப் பெண் வந்து தூக்கும்வரை ஈரத்திலேயே கிடந்திருக்கிறார். அந்தச் செய்தி வந்ததிலிருந்து அஞ்சலாட்சி சரியாகத் தூங்குவதில்லை. அவள் தூங்காவிட்டால் நானும் தூங்க முடியாது.

முதல் முறை எங்கள் காரிலேயே அழைக்கப் போனோம். அக்கா பையோடு வெளியே வந்தார், குனிந்து முன் டயரைத் தடவினார். “இது டயரா, வழுக்குப் பாறையா?” என்று கேட்டுவிட்டுப் பையோடு உள்ளே போய்விட்டார். இரண்டாம் முறை வாடகைக் கார். அதில் ஏறினார். மேலிருந்து மூன்றாவது கொண்டையூசி வளைவில், கீழிருந்து எண்ணும் சாலைப் பலகையின் கணக்குப்படி பதினெட்டாம் வளைவில், வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மலைமேல் நடக்க ஆரம்பித்துவிட்டார். எவ்வளவு கெஞ்சியும் திரும்பவில்லை. இந்த முறை தொலைபேசியில் தங்கையிடம் தெளிவாகச் சொன்னார்: “டயரப் பாத்துட்டுதான் ஏறுவேன். புடிக்கலன்னா நீங்க பாட்டுக்குத் திரும்பிப் போயிடணும். நீயும் அழக்கூடாது, நானும் அழமாட்டேன். அதுக்கப்புறம் வான்னு கூப்புடவும் கூடாது.”

கார்த்திகை முடிய ஒரு வாரம்கூட இல்லை. மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் குடும்பத்தில் யாரும் வீடு மாறமாட்டார்கள். ஆகவே இதுவே கடைசி வாய்ப்பு.

காரை ஓட்டியது சேலியமேட்டுக் கலிவரதன். கண்ணில் அறுவை செய்துகொண்ட பிறகு நான் வண்டி ஓட்டுவதில்லை. எங்கே போவதென்றாலும் கலியைத்தான் கூப்பிடுவது. நாற்பத்தாறு வயது, நல்ல கை, நிறையப் பேச்சு. கரிக்கலாம்பாக்கம், மங்கலம், உறுவையாறு வழியாகப் பதினாறு கிலோமீட்டர். சங்கராபரணிப் பாலத்தில் ஏறும்போது, “பாத்துக்கோங்க சார், நம்ம ஊர் மலை இதான்” என்றான். அவன் சொன்னது உண்மைதான். எங்கள் பக்கத்தில் ஏரிக்கரையையும் ஆற்றுப்பாலத்தையும் விட்டால் மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை.

டயர் கடை யூசுப் பாயுடையது. என் வேலைக்காலம் முழுவதும் சர்க்கரை ஆலையில் எடைமேடை எழுத்தராகக் கழிந்தது. கரும்பு வண்டிகளின் டயர்களை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஆனால் அவை சுமை தாங்குமா என்று மட்டுமே பார்த்திருக்கிறேன், வளைவில் பிடிக்குமா என்று பார்த்ததில்லை. அதைப் பாயிடம் சொன்னேன்.

பாய் மூன்று டயர்களை உருட்டி வந்து வரிசையாகச் சாய்த்தார். “சார், இது கல்லு மாதிரி. அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடும். இது கொஞ்சம் மெத்து, ஈரத்துல நல்லா புடிக்கும். ஆனா நாப்பதாயிரத்துலயே என் கடையில வந்து நிப்பீங்க. இது பட்டை பட்டையா இருக்குது பாருங்க, சேத்துல ஏறுறதுக்கு.”

“பட்டை டயரு போடு பாய். மலைக்கு அதான் கெத்து” என்றான் கலி.

“மலையில இன்னா சேறா இருக்குது? நல்லா தார் ரோடு. மழ பேஞ்சா மேல தண்ணி ஓடும். நீ அங்க இன்னா ஏர் ஓட்டவா போற?”

“சும்மா சொன்னேன் பாய், கோச்சிக்காத.”

நான் கணக்குப் போட்டேன். எங்கள் கார் வருடத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதில்லை. அறுபதாயிரம் ஓடும் டயர் தேயப் பதினைந்து வருடம் ஆகும். அதற்கு வெகு முன்பாகவே ரப்பர் வெயிலில் காய்ந்து வெடித்துவிடும். எனக்கும் வயது எழுபத்துநாலு. டயரும் நானும் அவ்வளவு காலம் சேர்ந்து ஓடுவோம் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. தேய்மானத்துக்கு அஞ்சிக் கெட்டியான டயர் வாங்குவது எங்களைப் போன்றவர்களுக்கு வீண். மெத்தென்ற டயரே போதும், ஈரத்தில் பிடித்தால் சரி என்று முடிவு செய்தேன். இதைக் கேட்டுப் பாய் சிரித்தார். “இப்படி யோசிச்சு டயர் வாங்கின ஒரே ஆளு நீங்கதான் சார்.”

அளவு 165/80 R14. பக்கவாட்டில் தயாரித்த வாரமும் வருடமும் நான்கு எண்களாக இருக்கும். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு நான்கு டயர்களிலும் படித்தேன், எல்லாம் புதுசு. ஒன்று 4,250 ரூபாய். சக்கரங்களின் நேர் பார்த்து, ஆடாமல் சுழலச் சமன் எடை வைக்க 700 ரூபாய். பழையதில் சுமாரான ஒன்றை உபரியாகப் பின்னால் வைத்துக்கொண்டோம். பாய் காற்று பிடித்துவிட்டு, “முப்பத்திரண்டு வெச்சிருக்கேன். ஆளுங்களும் சாமானும் ஏறினா முப்பத்திமூணு வெச்சுக்கங்க” என்றார். நான் தலையாட்டினேன். கலியும் தலையாட்டினான். இரண்டு தலைகளும் ஆடியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வெள்ளிக்கிழமை மாலை செய்த காரியத்தையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்துச் சாலைகள் மழை முடிந்ததும் குழியாகிவிடும். பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனாலும், அறுவை முடிந்தவரைக் கூட்டி வந்தாலும், முதலில் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்குவது வழக்கம். வண்டி மெத்தையில் போவதுபோல் போகும். பாகூர் பக்கத்து ஓட்டுநர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆழ நடப்பட்ட நாற்றுபோல் அது அவர்கள் கையிலேயே ஊன்றியிருக்கிறது.

“கலி, அக்காவுக்கு இடுப்பு நோவுப்பா. குலுங்கக் கூடாது” என்றாள் அஞ்சலாட்சி.

“நீ சொல்லணுமாம்மா?” என்று கலி தீக்குச்சியை எடுத்தான். வால்வில் குச்சியை வைத்து அழுத்தினான். காற்று உஸ்ஸென்று வந்தது. நான்கு டயரிலும் ஒரே அளவு இறங்க வேண்டுமே என்ற கவலை எனக்கு. ஆகவே பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் இருபது எண்ணினேன். இருபதானதும் கலி குச்சியை எடுத்தான். வேலை சுத்தமாக முடிந்தது என்று நாங்கள் மூவரும் திருப்தியாக இருந்தோம்.

சனிக்கிழமை காலை நாலரைக்குக் கிளம்பினோம். நெட்டப்பாக்கம், மடுகரை வழியாக விழுப்புரம் நாற்பது கிலோமீட்டர். மடுகரையில் ஒரே ஒரு டீக்கடை திறந்திருந்தது. கலி மட்டும் குடித்தான், எனக்குச் சர்க்கரை. உளுந்தூர்ப்பேட்டையில் வெளுத்தது. கள்ளக்குறிச்சியில் ஏழரைக்கு இட்டலி. சின்னசேலம் தாண்டியதும் வலப்பக்கம் கல்வராயன் மலை நீலமாகக் கூடவே வந்தது. அஞ்சலாட்சி ஜன்னலை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. மடியில் இரண்டு தேங்காய், அக்காவுக்குப் பிடித்த கருவாட்டுப் பொட்டலம், அது மணக்காமலிருக்க மூன்று பிளாஸ்டிக் பை.

“இந்த வாட்டியும் வரலன்னா இன்னாங்க பண்றது?” என்றாள்.

“டயர் புதுசு.”

“டயரு புதுசு. அக்கா பழசாச்சே.”

ஆத்தூர், வாழப்பாடி, சேலம். நெடுஞ்சாலையில் கார் வழுக்கிக்கொண்டு ஓடியது. சேலத்தின் நெரிசலில் நாற்பது நிமிடம் போனது. அடிவாரச் சோதனைச் சாவடியைக் கடந்தபோது மணி பதினொன்று. கிளம்பியதிலிருந்து 224 கிலோமீட்டர் என்று மானி காட்டியது.

முதல் வளைவில் ஒன்றும் தெரியவில்லை. பலகையில் 1/20 என்று இருந்தது. இரண்டு, மூன்றும் அப்படியே. நாலாவது வளைவில் டயர் கிரீச்சென்றது. ஐந்திலும் கத்தியது. காரின் பின்பக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வளைவு முடிந்த பிறகு மெதுவாக நிமிர்ந்தது. அலையில் தோணி ஆடுவது போலிருந்தது.

“கலி, இன்னாப்பா சத்தம்?”

“புது டயர் சார். மேல மெழுகு இருக்கும். போவப் போவ சரியாயிடும்.”

ஏழு, எட்டு, ஒன்பது. சரியாகவில்லை. கலியின் கை ஸ்டியரிங்கில் வழக்கத்தைவிட அதிகமாகச் சுற்றியது. அவன் பேச்சை நிறுத்திவிட்டான். நான் ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். வெளியே மிளகுக்கொடி சுற்றிய மரங்களும் காப்பிச் செடிகளும் பனிக்குள் மறைந்தும் தெரிந்தும் வந்தன. என்னால் அவற்றைப் பார்த்து ரசிக்க முடியவில்லை. பதின்மூன்றாவது வளைவில் எதிரே லாரி வந்தபோது கார் நினைத்த இடத்தில் திரும்பாமல் ஒரு முழம் வெளியே தள்ளிப்போனது. லாரிக்காரர் எங்களைப் பார்த்து என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

பன்னிரண்டே காலுக்கு அக்கா வீட்டை அடைந்தோம். தோட்டத்துக்குப் பின்னால் ஓட்டு வீடு. கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், “பாட்டி இப்பதான் கீழ்ச் சந்துக்குப் போனாங்க, வந்துடுவாங்க” என்றாள்.

இறங்கியதும் நான் முதலில் செய்தது டயரைத் தொட்டுப் பார்ப்பது. கொதித்தது. புது டயரின் பக்கவாட்டில் மெல்லிய ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். தரையைத் தொடாத இடத்தில் அவை வெகுநாள் அப்படியே இருக்கும். எங்கள் முன் டயர்களின் வெளிப்பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு முடியே இல்லை. தேய்த்துச் சிரைத்ததுபோல் சாம்பல் நிறமாக இருந்தது. வளைவுக்கு வளைவு டயர் மடங்கி, தன் விலாவாலேயே சாலையைத் தேய்த்துக்கொண்டு வந்திருக்கிறது.

கலியும் குனிந்து பார்த்தான். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தீக்குச்சி இருவர் நினைவுக்கும் ஒரே நேரத்தில் வந்தது. குழிச் சாலைக்குச் சரியான காற்று, மலை வளைவுக்குத் தவறான காற்று. சமவெளிக்காரனுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி.

“சார், தண்ணி ஊத்தித் தொடச்சுட்டா தெரியாது” என்றான் கலி மெதுவாக.

எனக்கும் ஒரு நொடி அதுவே தோன்றியது. அஞ்சலாட்சி கேட்டுவிட்டாள்.

“எதத் தொடைக்கப் போற? எங்க அக்காவ ஏமாத்தி வண்டியில ஏத்திக்கினு போவவா நான் இம்மாந்தூரம் வந்தேன்?”

“இல்லம்மா...”

“காத்துதான கம்மி? அடிப்பா. பம்பு இருக்குதில்ல?”

கால் பம்பு இருந்தது. நான் எதையும் எண்ணிப் பார்த்து ஏற்றுகிறவன் என்பதால் பம்பு, உபரி டயர், கல், கயிறு எல்லாம் இருந்தன. கலி முதல் டயரை முடித்தான். இரண்டாவதை நான் ஆரம்பித்தேன். முப்பது மிதியில் மூச்சு முட்டியது. அஞ்சலாட்சி என்னைத் தள்ளி நிறுத்திவிட்டு, புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு மிதித்தாள். வயது எழுபது. முழங்காலில் தேய்மானம் வேறு. புஸ், புஸ்ஸென்று அவள் மிதிக்கும் சத்தத்தின் நடுவே பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“அடியே, இன்னாடி பண்ற?”

பூங்காவனம் அக்கா. கையில் ஒரு பெரிய கூடை, காலியாக இருந்தது.

அக்கா தங்கையைக் கட்டிக்கொள்ளவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு நேராக முன் டயருக்கு வந்தார். ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். உள்ளங்கையால் மேலே தடவினார். புது ரப்பரின் பள்ளங்களில் விரலை விட்டுப் பார்த்து, “ம்” என்றார். பிறகு கை பக்கவாட்டுக்கு வந்தது. சிரைத்த இடத்தில் நின்றது.

“மாப்ள, டயரு நல்லாத்தான் வாங்கியிருக்கீங்க. இங்க இன்னா ஆச்சு?”

நான் வாயைத் திறக்குமுன் அஞ்சலாட்சி சொல்லிவிட்டாள். “உனக்கு இடுப்பு நோவுன்னு நாங்கதான் காத்த எறக்கினோம்க்கா. குலுங்காம கூட்டிக்கினு போவலாம்னு. நம்ம ஊருல செய்றதுதான. மலைக்கு ஆவாதுன்னு எங்களுக்குத் தோணல.”

“எவ்ளோ எறக்கினீங்க?”

“இருபது எண்ணினேன்” என்றேன்.

“நாலு டயருக்கும்?”

“நாலுக்கும்.”

அக்கா என்னைப் பார்த்தார், கலியைப் பார்த்தார், பம்பின் மேல் ஒரு காலை வைத்தபடி நின்றிருந்த தங்கையைப் பார்த்தார். சாவியை எடுத்துக் கதவைத் திறந்து உள்ளே போனார். கலி பெருமூச்சு விட்டான். “முடிஞ்சுது சார். மூணாவது வாட்டியும்.”

ஆனால் உள்ளேயிருந்து காப்பி மணம் வந்தது.

அன்று பிற்பகல் முழுவதும் அக்கா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கருவாட்டைக் குழம்பு வைத்தார். கலிக்கு இரண்டாம் முறை சோறு போட்டார். வீட்டில் இரண்டு அறைகள், மூன்று ஜன்னல்கள், சுவரில் கணவரின் படம். படத்துக்கு அருகே ஆணியில் ஜீப்புச் சாவி ஒன்று. ஜீப் எப்போதோ விற்றாயிற்று, சாவி மட்டும் மிச்சம். கொல்லையில் கோழிக்கூடு காலியாக, கூட்டிச் சுத்தமாக இருந்தது. அதைக் கண்டதும்தான் வாசலில் பார்த்த காலிக் கூடையின் அர்த்தம் எனக்கு விளங்கியது. கோழிகளைக் கீழ்ச் சந்தில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அதாவது, நாங்கள் வருமுன்பே புறப்படத் தீர்மானித்திருக்கிறார். அந்தத் தீர்மானத்தின் நடுவில் நாங்கள் சிரைத்த டயரோடு வந்து நின்றிருக்கிறோம்.

நாலு மணிக்குக் கலி காரை எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் இருந்த பஞ்சர் கடைக்குப் போனான். காலால் மிதித்த காற்றை நம்ப முடியாது, கருவி வைத்து முப்பத்திமூன்று பிடித்து வரச் சொல்லியிருந்தேன். அவன் போன பிறகு குளிர் ஏறியது. அக்கா வாசல் படியில் வந்து உட்கார்ந்தார். அஞ்சலாட்சி பக்கத்தில் உட்கார்ந்து அவர் இடுப்பைத் தைலம் போட்டுத் தேய்த்துவிட்டாள்.

“அவரு இருந்தாரே,” என்றார் அக்கா, யாரையும் பார்க்காமல். “அவரு நித்தம் டயரத் தடவுவாரு. ராத்திரி சோத்துக்கு முந்தி டயரு. ஜொரம் வந்தாலும் டயரு. ஒரு நாள்கூட உனக்கு இடுப்பு நோவுதா, வண்டி குலுங்குதான்னு கேட்டதில்லடி. டயருக்கு பயந்த மனுசன். என் இடுப்புக்கு பயந்தவங்க நீங்கதான்.”

“அதனாலதான் தப்பு பண்ணிட்டோம்க்கா.”

“தப்புதான். பெரிய தப்பு. பதிமூணுல சறுக்கியிருப்பீங்களே?”

“ஆமாம், பதிமூன்றுதான்” என்றேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அங்க ரோடு வெளிப்பக்கம் சாஞ்சிருக்கும். அவரு அங்க மட்டும் ரெண்டாங் கியருக்கு வந்துடுவாரு” என்று சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். தங்கையின் கையைப் பிடித்துச் சற்றுக் கீழே வைத்து, “நல்லாத் தேய்யி, அங்கதான்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. பனி மரத்துக்கு மரம் தொங்கியது. அக்கா குளித்து, வெளுத்த புடவை கட்டி, ஒரு பெட்டி, ஒரு பை, சுவரில் இருந்த படம், ஜீப்புச் சாவி ஆகியவற்றோடு வெளியே வந்தார். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தார். அந்தப் பெண் அழுதாள். “அழுவாதடி, முட்டை உனக்குத்தான் தரச் சொல்லியிருக்கேன்” என்றார். அப்புறம் காரைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு டயரையும் குதிகாலால் ஒரு மிதி, உள்ளங்கையால் ஒரு தடவல். நாலாவது டயரிடம் சற்று அதிக நேரம் குனிந்திருந்தார். நாங்கள் மூவரும் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

“இன்னா அப்படிப் பாக்கிறீங்க? கதவத் தொறங்க.”

பின் இருக்கையில் அக்காவும் தங்கையும். முன்னால் கலியும் நானும். முதல் வளைவு வருமுன் அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“மாப்ள, எண்ணுங்க.”

“எதை அக்கா?”

“வளைவத்தான். சத்தமா. அவரு ஒவ்வொண்ணுக்கும் இன்னும் எத்தினின்னு சொல்லிக்கினே எறக்குவாரு. நீங்கதான் சும்மா இருந்தாலும் எண்ற ஆளாச்சே.”

வீட்டில் நான் எண்ணுவதைக் கேட்டு எரிச்சல்படாதவர்கள் கிடையாது. படிக்கட்டை எண்ணுவேன், பயணிகளை எண்ணுவேன், சாப்பிட உட்கார்ந்தால் அப்பளத்தை எண்ணுவேன். எண்ணச் சொல்லி என்னிடம் யாரும் கேட்டதில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

“இருபது.”

கார் திரும்பியது. சத்தமே இல்லை. டயர் சாலையில் ஒட்டிக்கொண்டு, சொன்ன இடத்தில் திரும்பியது. பின்பக்கம் சாயவில்லை. ஒரே காரா என்று சந்தேகமாக இருந்தது.

“பத்தொன்பது.”

“பதினெட்டு” என்றேன். போன முறை அக்கா இறங்கி நடந்த இடம். பலகைக்குப் பக்கத்தில் ஒரு மைல்கல், அதன் மேல் ஒரு குரங்கு. கலிக்கு அந்த இடம் தெரியாது, நான்தான் சைகை காட்டினேன். அவன் வேகத்தைக் குறைத்து, ஓரங்கட்டி, கிட்டத்தட்ட நிறுத்திவிட்டான்.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. “இன்னாடா நிறுத்திட்ட? சார் எண்ணிட்டாரில்ல, போ.”

“பதினெட்டு, அக்கா” என்றேன் மறுபடியும்.

“கேட்டுது.”

சாலை ஈரமாக இருந்தது. ஒரு பக்கம் பாறையிலிருந்து தண்ணீர் வழிந்து குறுக்கே ஓடியது. யூசுப் பாய் சொன்ன தண்ணீர். மெத்தென்ற ரப்பர் அதன் மேல் தயங்காமல் போனது. பதின்மூன்றில் கலி கேட்காமலே இரண்டாவது கியருக்கு வந்தான். முன்தினம் நான் அவனிடம் சொல்லியிருந்தேன். அக்கா அந்த மாற்றத்தை எஞ்சின் சத்தத்தில் கேட்டிருக்க வேண்டும். மூடிய கண்ணோடு தலையை ஒரு முறை ஆட்டினார். பதினொன்றில் ஒரு பேருந்து ஏறி வந்தது. ஓரமாக நின்று வழிவிட்டோம். ஒன்பதில் ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். ஆறில் பனி விலகி, கீழே சேலம் வெயிலில் கிடந்தது. அஞ்சலாட்சியின் கையை அக்கா எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தார் என்பது கண்ணாடியில் தெரிந்தது. அஞ்சலாட்சி அழக்கூடாது என்று உடன்பாடு. அவள் அழவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டாள்.

“மூன்று... இரண்டு... ஒன்று.”

சாலை நேரானது.

“முடிஞ்சுதா?” என்றார் அக்கா.

“முடிந்தது, அக்கா.”

கண்ணைத் திறந்து வெளியே பார்த்தார். பெட்ரோல் பங்க், டீக்கடை, வெயிலில் நிற்கும் ஆடுகள். “இவ்ளோதானா?” என்றார். பின்னால் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டே வந்தார், வாழப்பாடி வரை. அதற்குப் பிறகு தூங்கிப்போனார். தங்கையின் தோளில் தலை. கலி வாயைத் திறக்காமல் நூறு கிலோமீட்டர் ஓட்டியதை நான் முதன்முறையாகப் பார்த்தேன்.

இரண்டு மணிக்கு விழுப்புரம். மூன்று மணிக்கு மடுகரையும் நெட்டப்பாக்கமும் கடந்தோம். நெல் பால் பிடித்திருந்த வயல்கள் இரண்டு பக்கமும் மட்டமாக, விரித்துப் போட்ட பாய்போல் கிடந்தன. அங்கிருந்து எங்கள் சாலை ஆரம்பம். மழைக்குப் பிறகு ஒருவரும் அதைத் தொடவில்லை. முதல் குழியில் கார் இறங்கி ஏறியதும் அக்கா விழித்துவிட்டார். இரண்டாவது குழியில் “அம்மாடி” என்றார். மூன்றாவதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னாடா ரோடு இது? மலையே தேவலாம் போலிருக்கே!”

“முப்பத்திமூணு காத்து அக்கா. கல்லு மாதிரிதான் இருக்கும். அளவு நம்ம சார் சொன்னது” என்றான் கலி.

பாகூர் ஏரிக்கரை ஏறும் இடத்தில் சாலை இன்னும் மோசம். கலி வண்டியை நிறுத்தி என்னைப் பார்த்தான். நான் ஏரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முன்தினம் பட்டது போதும். ஏரி நிரம்பியிருந்தது, காற்றில் சிற்றலை. இந்தக் கரைதான் எங்கள் ஊரின் உச்சி, இதற்கு ஒரு வளைவுகூட இல்லை. ஏற்காட்டிலிருந்து பார்த்தால் இது வரப்பு. ஆனால் இன்று இதில் ஏற எனக்குப் பயமாக இருந்தது.

பின் ஜன்னல் இறங்கும் சத்தம் கேட்டது. அக்கா தலையை வெளியே நீட்டினார்.

“டேய் கலி, குச்சி வெச்சிருக்கியா?”

“வெச்சிருக்கேன்க்கா.”

“இங்க வளைவு ஏதும் இருக்குதா?”

“வூடு வரைக்கும் நேரு ரோடுதான்.”

“அப்புறம் இன்னா யோசன? எறக்கு.”

கலி இறங்கிப்போய் முன் டயரின் பக்கத்தில் குந்தினான். காற்று உஸ்ஸென்று கிளம்பியது. நான் வழக்கம்போல் எண்ண வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து அக்கா ஆரம்பித்துவிட்டார். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று ஏரியைப் பார்த்தபடி நிதானமாக எண்ணினார். நான் இருபது வரை போவார் என்று காத்திருந்தேன்.

பத்தில் “போதும்” என்றார்.